ஒலிம்பியா ஓடுதளமும் அரை லிட்டர் தண்ணீரும்

பண்டைய ஒலிம்பியாவின் ஓடுதளம் 192.27 மீட்டர் நீளம். பள்ளியில் படிக்கும்போது 200 மீட்டர் ஓட்டத்தில் வட்டார அளவில் பரிசு வாங்கியவள் நான். வயது நாற்பத்து மூன்று ஆனாலும் அந்தத் தூரத்தை மெதுவாகவாவது ஓடிவிடலாம் என்று நினைத்துத்தான் கிரேக்கத்துக்குப் போனேன். முடியவில்லை. முக்கால்வாசியைத் தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு நாளில் ஏறக்குறைய 400 யூரோ போனது, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 36,000 ரூபாய். அதைவிட, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் எனக்கு என்னவோ ஆகிவிடப்போகிறது என்று பயந்த அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தனியாகப் போகிற பெண்கள் யாருக்காவது உதவுமே என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

ஆசை பழையது. மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படித்தேன். மைதானத்தில் சுண்ணாம்புத்தூள் கோடு போட்டு ஓடவிடுவார் எங்கள் பி.டி. சார். முதல் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு பந்தயம்தான் இருந்தது, நேராக ஓர் ஓட்டம், அவ்வளவுதான் என்று ஒருநாள் சொன்னார். மரபுக் கணக்குப்படி கி.மு. 776இல் அதை வென்றவர் பெயர் கொரோய்போஸ், எலிஸ் பகுதியைச் சேர்ந்த சமையல்காரர். என் அப்பா ஹோட்டலில் சமையல் மாஸ்டராக இருந்தவர். உலகத்தின் முதல் சாம்பியன் ஒரு சமையல்காரர் என்று வீட்டில் வந்து சொன்னபோது அப்பா முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. 2024 ஜூனில் அலுவலகப் பயிற்சிக்காக ஏதென்ஸ் போகும் வாய்ப்பு வந்ததும், இரண்டு நாள் விடுப்பு சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி ஒலிம்பியாவைப் பார்த்துவிட்டு இரவே ஏதென்ஸ் திரும்புவது, திங்கள் இரவு விமானம். இதுதான் திட்டம். என் முதல் தவறே இந்தத் திட்டம்தான். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்போலத் தெரியும். ஆனால் ஒலிம்பியா பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஏதென்ஸிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பிர்கோஸ் என்ற ஊர் வரைக்கும் ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய் வரக்கூடிய இடமே இல்லை.

ஏதென்ஸில் வெளியூர்ப் பேருந்து நிலையங்கள் முக்கியமானவை இரண்டு உண்டு. கிஃபிசோஸ் ஒன்று, லியோசியோன் இன்னொன்று. நம் ஊரில் மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான், எந்தத் திசைக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். டெல்ஃபி போகிறவர்கள் லியோசியோன் போவார்கள். பிர்கோஸ், ஒலிம்பியாவுக்குக் கிஃபிசோஸ். நான் விடியற்காலையில் டாக்ஸி ஓட்டுநரிடம் வெறும் பஸ் ஸ்டேஷன் என்று சொன்னேன். அவர் லியோசியோனில் இறக்கிவிட்டார். அவர்மேல் தவறில்லை. அங்கே விசாரித்து, வேறு டாக்ஸி பிடித்துக் கிஃபிசோஸ் போய்ச் சேர்வதற்குள் நான் முன்பதிவு செய்திருந்த பேருந்து போய்விட்டது. டாக்ஸிக்கு 14 யூரோ, திரும்ப எடுத்த டிக்கெட்டுக்கு 30 யூரோ, அடுத்த வண்டிக்காக மூன்று மணி நேரம். நிலையத்தின் பெயரைக் கிரேக்க எழுத்தில் போனில் படமாக வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டுங்கள். இதை மட்டும் செய்திருந்தால் என் நாள் வேறு மாதிரி இருந்திருக்கும், ஏனென்றால் மீதி எல்லாமே இந்த மூன்று மணி நேரத் தாமதத்திலிருந்துதான் வந்தது.

பிர்கோஸ் வந்தபோது மதியம் இரண்டைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து ஒலிம்பியா இருபது கிலோமீட்டர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பேருந்து மிகவும் குறைவு. அடுத்தது எப்போது என்று கேட்டால் மாலையில் என்றார்கள். டாக்ஸிக்கு 30 யூரோ கொடுத்தேன். திரும்புவதற்கான கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் சாப்பிடவில்லை. காலையில் ஒரு காபியும் ஒரு ரொட்டியும் சாப்பிட்டதோடு சரி. கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று பேருந்தில் தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. பெண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொப்பியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன், அதுவும் அப்புறம்தான் தெரிந்தது. கையில் இருந்தது அரை லிட்டர் பாட்டில் ஒன்று. கிரேக்கத்தில் பெட்டிக்கடையில் அது அப்போது அரை யூரோதான். மூன்று பாட்டில் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

வாங்காததற்கு ஒரு மனநிலை காரணம். அந்த வாரம் ஏதென்ஸில் வெப்ப அலை காரணமாக அக்ரோபோலிஸ் என்ற பழைய குன்றுக் கோட்டையை நண்பகலிலிருந்து மாலை ஐந்து மணி வரை மூடியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்த ஐரோப்பியர்கள் அதைப் பேசிக்கொண்டபோது, சித்திரை மாத மதுரை வெயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது என்ன என்று நினைத்துக்கொண்டேன். அதே மாதத்தில் கிரேக்கத் தீவுகளில் வெயிலில் நடக்கப் போன சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்த செய்தியும் வந்துகொண்டிருந்தது. அதையும் என்னோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மதுரையில் நாம் வெயிலில் என்ன செய்வோம்? பதினோரு மணிக்கு மேல் வேலையில்லாமல் வெளியே போக மாட்டோம். போனாலும் குடை, நீர்மோர், சர்பத், நாலு அடிக்கு ஒரு வேப்ப மரம். வெயிலைத் தாங்கும் உடம்பு என்று நான் நினைத்தது உண்மையில் வெயிலிலிருந்து ஒதுங்கும் பழக்கம்தான். அங்கே காற்று வறண்டிருந்தது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. சட்டை நனையவே இல்லை. வியர்க்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று உடம்பு என்னை ஏமாற்றியது.

நுழைவுக் கட்டணம் அப்போது 12 யூரோ, அருங்காட்சியகங்களும் அதிலேயே சேர்த்தி. அதன் பிறகு கட்டணத்தைக் கூட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கொஞ்ச தூரம் மரநிழல் உண்டு. கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸின் கோயில் தூண்கள் நிலநடுக்கத்தில் விழுந்தபடியே, வெட்டி வைத்த வாழைத்தண்டு வில்லைகள்போல வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வில்லையும் என் உயரத்துக்கு இருந்தது. ஃபிடியாஸ் என்ற சிற்பி செய்த தங்கமும் தந்தமுமான ஜீயஸ் சிலை, பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று, இந்தக் கோயிலுக்குள்தான் இருந்தது. இன்றும் ஒலிம்பிக் சுடரை ஏற்றுவது பக்கத்தில் இருக்கும், ஜீயஸின் மனைவி ஹேராவின் கோயில் முன்னால். இதையெல்லாம் நான் நின்று பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தபடி கடந்து போனேன். ஓடுதளத்துக்குப் போகும் வழியில் இடதுபக்கம் வரிசையாகக் கல் பீடங்கள் இருக்கின்றன. போட்டியில் லஞ்சம் கொடுத்து ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதப் பணத்தில் செய்த ஜீயஸ் வெண்கலச் சிலைகள் நின்ற பீடங்கள் அவை. முதல் முறை கி.மு. 388இல், எதிராளிகளுக்குப் பணம் கொடுத்த குத்துச்சண்டை வீரர் ஒருவருக்காக. வீரர்கள் களத்துக்குள் போகும்போது அவமானச் சின்னங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதல் போட்டியை இந்தப் பழைய களத்திலேயே நடத்தினார்கள். அதில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் முதலில் தங்கம் வாங்கியவர்களிடமிருந்து, ஊக்கமருந்து காரணமாகப் பதக்கம் பிற்பாடு பறிக்கப்பட்டது. அந்தப் பீடங்களுக்கு அத்தனை பக்கத்தில் நடந்தது இது. எனக்கு மனம் கனத்தது.

பீடங்களைத் தாண்டினால் கல் வளைவு. ஒருகாலத்தில் 32 மீட்டர் நீளச் சுரங்கப் பாதையாக இருந்ததில் வளைவின் ஒரு துண்டுதான் மிச்சம். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் திடீரென்று எல்லாம் விரிகிறது. கட்டடம் என்று ஒன்றுமே இல்லை. நீளமான மண் தரை, இரண்டு பக்கமும் புல் மூடிய மேடு, அவ்வளவுதான். நாற்பத்தையாயிரம் பேர் மண்மேட்டில் உட்கார்ந்தும் நின்றும் பார்த்திருக்கிறார்கள். கல் இருக்கை நடுவர்களுக்கு மட்டும். எனக்கு எங்கள் பள்ளி மைதானம்தான் ஞாபகம் வந்தது. கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள்: களத்துக்குள் நிழல் என்பது துளியும் கிடையாது. தண்ணீர் விற்க ஆளும் கிடையாது.

பழைய ஓட்டம் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே, ஜீயஸ் கோயில் பக்கமாக முடியும். நுழைவது மேற்கு முனையில். அதனால் முறைப்படி ஓட வேண்டும் என்றால் முதலில் முழு நீளமும் வெயிலில் நடந்து போக வேண்டும். நடந்தேன். அரை லிட்டர் அங்கேயே தீர்ந்தது. தொடக்கக் கோட்டில் பதித்த கற்பாளங்களில் இரண்டு பள்ளக் கோடுகள் ஓடுகின்றன. கால்விரல்களை அதில் ஊன்றித்தான் நிற்பார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன், கல் சுட்டது. மணி மூன்றேகால். தலைவலி தொடங்கியிருந்தது, லேசாகக் குமட்டியது. பசி என்று நினைத்தேன். ஓட ஆரம்பித்தேன். வெயில் நேராக முகத்தில். பாதியைத் தாண்டியதும் காதுக்குள் ஒரு சத்தம், பிறகு ஓரங்களிலிருந்து இருட்டு. வலதுபக்க மேட்டை நோக்கித் தள்ளாடிப் போய் உட்கார்ந்தேன்.

ஒரு கிரேக்கக் குடும்பம் வந்து சேர்ந்தது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, கோரி மூ, கோரி மூ என்று சொல்லிக்கொண்டே என் துப்பட்டாவைத் தன் தண்ணீரில் நனைத்துக் கழுத்திலும் தலையிலும் போட்டார். என் பெண்ணே என்று அர்த்தமாம். நான் பாட்டிலைப் பிடுங்காத குறையாகக் குடிக்கப் போனபோது கையைப் பிடித்து, சிகா, சிகா என்றார். மெதுவாக, மெதுவாக. காவலர் ஒருவர் வந்தார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. ஊர் பெயர் தெரியும், வாயில் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. இருவரும் தாங்கிப் பிடித்து என்னை நிழலுக்குக் கொண்டு போனார்கள்.

உடம்பு எச்சரிக்கிற வரிசையை இப்போது என்னால் சொல்ல முடியும். முதலில் தலைவலி, எரிச்சல், யார்மேலாவது கோபம். அடுத்து குமட்டல், கால் பின்னுவது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது. இந்தக் கட்டத்தில் நிழலுக்குப் போய் உட்கார்ந்து, ஈரத்துணி போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு குழறினால், கேள்விக்குப் பதில் வராவிட்டால், தோல் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே உடனே 112க்கு அழைக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அந்த எண்தான். நம் ஊர் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில ரூபாய்தான். நாலு பொட்டலம் கைப்பையில் இருந்தால் போதும். தனியாகப் போகிறவர்கள் ஒரு சீட்டில் பெயர், தங்கும் இடம், வீட்டு எண் எழுதி வைத்திருங்கள். வாய் வராத நேரத்தில் அது பேசும்.

அரை மணி நேரத்தில் தெளிவு வந்தது. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது என்று அந்தக் குடும்பமே டாக்ஸி பிடித்து ஒரு தனியார் மருத்துவரிடம் அனுப்பியது. டாக்ஸி 15 யூரோ. நரம்பில் ஊசி குத்தி இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ரத்த அழுத்தம் பார்த்து, இரவு தங்கி ஓய்வெடு என்றார்கள். 150 யூரோ ரொக்கமாகக் கொடுத்தேன். வெளிநாட்டில் உதவி கிடைத்ததே என்ற நன்றியில், முத்திரையிட்ட ரசீதும் மருத்துவக் குறிப்பும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ வரைக்கும் செல்லும் பயணக் காப்பீடு எடுத்துதான் போயிருந்தேன். ஊர் திரும்பி விண்ணப்பித்தபோது, ரசீது இல்லை, சிகிச்சைக்கு முன் எங்கள் 24 மணி நேர எண்ணுக்குத் தெரிவிக்கவும் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு பைசா தரவில்லை. அந்தக் காகிதத்தை விசா அலுவலகத்துக்குக் கொடுக்கிற சான்றாக மட்டும் நினைத்திருந்தேன். நீங்கள் அந்த எண்ணைப் போனில் சேமித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். மயக்கத்திலும் ரசீது கேளுங்கள்.

கடைசிப் பேருந்து போய்விட்டது. ஒலிம்பியா கிராமத்திலேயே 60 யூரோவுக்கு ஓர் அறை எடுத்தேன். ஏதென்ஸில் அதே இரவுக்குக் கட்டியிருந்த 85 யூரோ வீண். என் கணவரிடம் போனில் பேருந்து கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பயந்துவிடுவார் என்று மறைத்தது சரியா என்று தெரியவில்லை, அடுத்த நாள் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு படுத்தபடி படித்ததில்தான் தெரிந்தது, இந்த ஊரின் வெயிலும் தாகமும் அந்தக் காலத்திலேயே பேர்போனவை என்று. போட்டிகள் நடந்ததே கோடையின் உச்சத்தில், ஐந்து நாள். சொன்ன பேச்சு கேட்காத அடிமையைப் பார்த்து, உன்னை மாவரைக்கும் ஆலைக்கு அனுப்ப மாட்டேன், ஒலிம்பியாவுக்கே கூட்டிப் போவேன் என்று எஜமான் மிரட்டியதாக ஒரு பழங்கதை உண்டு. தத்துவ அறிஞர் தேலீஸ் வயதான காலத்தில் ஒரு விளையாட்டுப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெயிலும் தாகமும் தாளாமல் இறந்தார் என்கிறது இன்னொரு குறிப்பு. ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் மக்கள் இப்படியே தவித்த பிறகு, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் ஹெரோடீஸ் அட்டிகஸ் என்ற ஏதென்ஸ் செல்வந்தர் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து பெரிய நீர்மண்டபம் கட்டினார். பெரெக்ரினோஸ் என்ற துறவி, கிரேக்கர்களைச் சொகுசாக்கிக் கெடுக்கிறார், தாகத்தைத் தாங்கித்தான் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் அவரைத் திட்டினாராம். அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் திட்டினார். மக்கள் கல்லால் அடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு அந்த மக்களின் கோபம் நன்றாகப் புரிந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது நான் வாசலில் இருந்தேன். மறுபடி 12 யூரோ. ஒன்றரை லிட்டர் தண்ணீர், புதுத் தொப்பி, வயிறு நிறையச் சாப்பாடு. நேரே ஓடுதளத்துக்குத்தான் போனேன். என்னைத் தவிர இரண்டே பேர். மேட்டின் நிழல் இன்னும் தரையில் கொஞ்சம் கிடந்தது, பறவைச் சத்தம் கேட்டது. கோடையில் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய நேரம் இதுதான்: முந்தின இரவே கிராமத்தில் தங்கி, எட்டு மணிக்கு முதலில் ஓடுதளம், பிறகு கோயில்கள், பதினோரு மணிக்குள் வெளியே வந்து, வெயில் நேரத்தைக் குளிரூட்டிய அருங்காட்சியகத்தில் கழிப்பது. வெப்ப அலை அறிவிப்பு இருந்தால் திறந்திருக்கும் நேரம் மாறலாம், விடுதியில் முந்தின இரவே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓடவில்லை. கிழக்கு முனையிலிருந்து நடந்து வந்தேன். முந்தைய நாள் நான் உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும்தான் அங்கே ஒரு வெள்ளைக் கல் மேடை இருப்பதைக் கவனித்தேன். டெமெட்டர் தேவதையின் பலிபீடம். மணமான பெண்கள் போட்டியைப் பார்க்கவே கூடாது, மீறினால் டிபையோன் மலையிலிருந்து தள்ளிவிடுவது சட்டம். விதிவிலக்கு ஒரே ஒருவருக்கு, டெமெட்டரின் பெண் பூசாரிக்கு. அவர் உட்கார்ந்து பார்த்த இடம் அது.

பிற்பகல் பேருந்துக்கு முன் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பிராக்சிடெலீஸ் என்ற சிற்பி செய்ததாகச் சொல்லப்படும் ஹெர்மீஸ் சிலையைச் சுற்றித்தான் எல்லோரும் நின்றார்கள். நான் அதிக நேரம் நின்றது ஒரு பளிங்குக் காளை முன்னால். ஹெரோடீஸின் நீர்மண்டபத்தில் நின்ற காளை. விலாவில் எழுத்து செதுக்கியிருக்கிறது: டெமெட்டரின் பூசாரி ரெகில்லா, தண்ணீரையும் தண்ணீரைச் சார்ந்த எல்லாவற்றையும் ஜீயஸுக்கு அளித்தாள். ரெகில்லா ஹெரோடீஸின் மனைவி. அந்த வெள்ளைக் கல்மேல் உட்கார்ந்து, மேடு நிறைய மக்கள் தாகத்தில் தவித்ததைக் கண்ணால் பார்த்த பெண். தண்ணீர் கொண்டுவரும் யோசனையைக் கணவருக்குச் சொன்னது அவளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.